மாங்காய் மிஷினுக்கு நான் நின்ற ஜாமீன்

முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்த என் கொழுந்தனாருக்கு நான் ஜாமீன் நின்றேன். சொந்தக்காரர்கள் யாரும் இன்றுவரை அதை ஜாமீன் என்று சொல்வதில்லை. "டீச்சர் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

மாங்காயைக் கழுவி, அளவு பார்த்துத் தரம் பிரிக்கிற மிஷின் ஒன்றை அவர் கோயம்புத்தூர்க் கம்பெனியிடம் மூன்று வருஷ வாடகைக்கு எடுத்தார். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார்கள். என் கணவருக்குத் தென்னந்தோப்புதான். வீட்டில் சம்பளச் சீட்டு இருந்தது எனக்கு மட்டும். ஒரு நாள் மத்தியான இடைவேளையில் கொழுந்தனார் காகிதக் கட்டோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"சும்மா பேருக்குத்தானுங்க அண்ணி. மாசா மாசம் கட்டப் போறது நானு. உங்ககிட்ட எவன் வந்து கேக்கப் போறான்?"

அத்தனையும் இங்கிலீஷ். பக்கத்துக்கு ஒரு கையெழுத்தாகப் போட்டுக்கொண்டே போனேன். கேள்வியை முழுசாகப் படிக்காமல் பதில் எழுதாதே என்று அன்று காலையில்தான் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கடிந்துகொண்டிருந்தேன்.

முதல் வருஷம் ஓடியது. அடுத்த வருஷம் பூவிலேயே பூச்சி விழுந்து கருகிவிட்டது. லாரிகள் வரவில்லை, கொழுந்தனார் ஷெட்டைப் பூட்டினார். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாடகை கட்டுவதை நிறுத்தியது மட்டும் தெரியாது. நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கம்பெனிக்காரப் பெண் போனில் அதைச் சொன்னாள்.

"நான் மிஷின் எதுவும் எடுக்கலையேம்மா."

"நீங்க ஜாமீன்தாரர், மேடம்."

சாயங்காலமே கொழுந்தனார் வீட்டுக்குப் போனேன். காபி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"மெசினத்தான் லாரில ஏத்தி அனுப்பிட்டனுங்களே. பொருளு அவங்ககிட்ட இருக்குது, அப்பறம் எதுக்குங்க வாடகை?"

"திருப்பிக் குடுத்ததுக்கு ரசீது வாங்கினீங்களா?"

"எங்கியோ இருக்கோணுங்க."

"அவங்க போன் பண்ணுனா ஏன் எடுக்கறதில்ல?"

"எடுத்து என்னத்தச் சொல்றதுங்க?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். "என்ர தம்பி ஊர உட்டா ஓடிப் போயிருவான்? உடு புள்ள" என்றார். ஓடவில்லைதான். அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் வெள்ளைச் சட்டையோடு அவர்தான் பந்தி விசாரித்தார். என் இலையில் இன்னொரு ஜிலேபியும் வைத்தார். அந்த நேரம் பார்த்து என் கைப்பையில் போன் அடித்தது. அதே பெண்.

லீவு போட்டுவிட்டு, பொள்ளாச்சியில் பஸ் மாறி, கோயம்புத்தூர் போனேன். மானேஜர் மரியாதையான பையன். நாற்காலி போட்டு உட்கார வைத்தான். மிஷின் வந்து சேர்ந்தது உண்மைதானாம். ஆனால் பாதியில் விட்டால் மீதி மாதங்களின் வாடகையையும் கட்ட வேண்டும் என்று கரார்ப் பத்திரத்தில் இருக்கிறதாம்.

"முதல்ல அவர்கிட்டக் கேளுங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க."

"அவரு எடுக்கறதில்லைங்க மேடம். நீங்க எடுக்கறீங்க."

பொறுப்பாக இருப்பதற்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு வக்கீல் நோட்டீஸ் பள்ளிக்கூட விலாசத்துக்கே வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் ஒன்றும் கேட்காமல் நீட்டினார், கேட்டிருந்தால்கூடத் தேவலை. அதை எடுத்துக்கொண்டு கொல்லங்கோட்டில் ஒரு பெண் வக்கீலிடம் போனேன். அவர் மலையாளி, தமிழும் பேசுவார்.

"டீச்சரே, வாடகைக்கு எடுத்தவரை விட்டுட்டு நேரா உங்ககிட்டக் கேக்க அவங்களுக்கு அதிகாரம் உண்டு. அதுக்குத்தான் நீங்க ஒப்பு, அதான் கையெழுத்து, போட்டிருக்கீங்க. ஆனா மிஷினை என்ன செஞ்சாங்கன்னு கேட்டீங்களா? வித்திருந்தா அந்தக் காசைக் கழிக்கணும்."

கேட்டிருக்கவில்லை. எழுதிக் கேட்டோம். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வந்தது: மிஷினை வேறு ஒரு ஷெட்டுக்கு விற்றிருந்தார்கள், கழிக்கவில்லை. கழிக்க வைத்தோம். மீதியை ஒரே தவணையில் கட்டினால் அபராத வட்டி வேண்டாம் என்றும் இறங்கி வந்தார்கள்.

பாதிக்கு நான் கட்டிவந்த குறிச்சீட்டுப் பணம் இருந்தது. மறுபாதிக்காகக் கொழுந்தனார் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"பைக்க வித்துடுங்க."

"ஏனுங்க அண்ணி, பைக் இல்லாம நான் எப்படிங்க வெளிய போறது?"

"பஸ்ல. நான் பஸ் மாறிக் கோயம்புத்தூர் போகலையா?"

அவர் மேலே பார்த்தார். அவர் மனைவி உள்ளே போய், பீரோவிலிருந்து பைக்கின் ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அன்றைக்கு நன்றி சொல்ல எனக்குத் தோன்றவில்லை, சொல்லியிருக்கலாம்.

பைக்கை விற்றுப் பணம் கட்டிய பிறகு, பாக்கி ஒன்றும் இல்லை என்று தபாலில் கடிதம் வந்தது. அதில் என் இனிஷியல் தப்பு. திருத்த நேரில் வர வேண்டுமாம். இந்த முறை கொழுந்தனாரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் தூங்கினார். ஆபீசில், எனக்குப் போன் செய்த அந்தப் பெண்ணிடம், "எங்க அண்ணிதானுங்க எல்லாத்தையும் பாத்துக்கறாங்க" என்று பெருமையாகச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் திருத்திய கடிதத்தை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பொள்ளாச்சியில் பசிக்கிறது என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. பில்லை நான்தான் கொடுத்தேன்.