நூற்று அறுபத்து நான்கு மார்க்கு

கூடலூர் பஜாரில் தன்னை ஏமாற்றியவன் ஒருவன்கூடக் கிடையாது என்று கோட்டைச்சாமி சொல்லிக்கொள்வார். யாரும் கேட்காமலே சொல்வார். குமுளிக்கு ஏறும் ரோட்டில், ஜீப்புகள் ஆள் ஏற்றும் இடத்துக்கு எதிரே இருந்தது அவருடைய தானிய மண்டி. கீழே விளைகிற மொச்சையையும் எள்ளையும் அரிசியையும் வாங்கி மேலே மலையாளத்துப் பக்கம் ஏற்றிவிடுகிற தொழில். கிலோக்கணக்கு வந்து பல வருஷமாகியும், 1969இல் அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் வாயில் படிக்கணக்குதான் புழங்கியது. அந்தப் படியும் ஒரே படி இல்லை. கூடலூரில் பெரிய படி, கம்பத்தைத் தாண்டினால் சின்னப் படி, மலையேறினால் இடங்கழி, பறை. இதில்தான் கோட்டைச்சாமி கில்லாடி. நூறு படி மொச்சை இருக்கிறது என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், வாங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே அவரிடமிருந்து கேள்வி வந்துவிடும்.

"எந்தப் படி?"

மண்டியில் தானியம் புடைக்கிற ஜக்கம்மாவிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் வரை எல்லாருக்கும் இதையே பாடமாக ஓதுவார். "அளவைத் தெரியாம எண்ணை மட்டும் சொல்றவன் முட்டாப்பய. அதைக் கேட்டுத் தலையாட்டுறவன் அவனுக்கு அப்பன்." தன் வாயால் தனக்கே பட்டம் கட்டிக்கொள்கிறோம் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஊரில் ஒரே ஒரு சீக்கு. பெயர் வீரணன். சித்தப்பா மகன், பங்காளி, அடுத்த தெருக்காரன். வீரணனின் மகன் நாலு வருஷத்துக்கு முன்னால் ராணுவப் பள்ளி ஒன்றில் சேர்ந்துவிட்டான். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய பழைய பள்ளி. லீவுக்கு வரும்போதெல்லாம் பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, மண்டி வாசல் வழியாகத்தான் அந்தப் பையன் நடப்பான். வேறு வழி இல்லாமல் இல்லை. வீரணன் அனுப்பிவைப்பான்.

"இருநூத்து முப்பது மார்க்கு எடுத்தாத்தான் அங்கன உள்ளேயே விடுவாக" என்று டீக்கடையில் வீரணன் சொல்லும்போது, டீயை ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திக் கேட்பார். கோட்டைச்சாமிக்கு அந்த இருநூற்று முப்பது நெஞ்சில் முள்ளாக நின்றது. எத்தனைக்கு இருநூற்று முப்பது என்று அவர் கேட்டாரா? கேட்கவில்லை. மொச்சைக்குக் கேட்கிற கேள்வியை மகன் படிப்புக்குக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அவருடைய ஒரே மகன் வீரபாண்டி கெட்டிக்காரப் பையன். பள்ளி வாத்தியார் ஞானதுரை அவனையும், ஜக்கம்மாவின் மகன் சின்னக்கருப்பையும் ராணுவப் பள்ளிப் பரீட்சைக்குத் தயார் செய்தார். பழைய பள்ளிக்கு ஒரு பரீட்சை. அரசாங்கம் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் திறந்த புதுப் பள்ளிக்கு ஒரு பரீட்சை. வீரபாண்டி இரண்டையும் எழுதினான். சின்னக்கருப்பு புதுப் பள்ளிக்கு மட்டும் எழுதினான். தன் மகனோடு புடைக்கிறவள் மகனும் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதுவதைக் கோட்டைச்சாமி தமாஷாகத்தான் எடுத்துக்கொண்டார். "போயிட்டு வரட்டும். மதுரையவாவது பாக்கட்டும்" என்றார். பெரிய மனசு.

பரீட்சை முடிந்ததும் ஞானதுரையைக் கூப்பிட்டு, புதுப் பள்ளிக்கு எவ்வளவு எடுத்தால் இடம் கிடைக்கும் என்று விசாரித்தார்.

"போன வருசம் நூத்தம்பது எடுத்தவங்களச் சேத்துக்கிட்டாக" என்றார் ஞானதுரை.

கோட்டைச்சாமி சிரித்தார். நூற்றைம்பது! இருநூற்று முப்பது எங்கே, நூற்றைம்பது எங்கே? அன்று சாயங்காலமே அதை டீக்கடையில் போட்டு உடைத்தார். வீரணனுக்குச் சொல்லவா வேண்டும்?

"நூத்தம்பதுக்கெல்லாம் எடம் குடுத்தா அது பள்ளிக்கூடமாண்ணே? சத்திரம். போறவன் வாறவனெல்லாம் படுத்துக்கலாம்" என்றான்.

அந்தப் பேச்சோடு கோட்டைச்சாமியின் மனசில் புதுப் பள்ளிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. பழைய பள்ளி ஒன்றுதான் பள்ளி. அடுத்த வாரமே கம்பத்தில் ஒரு தகரப் பெட்டி செய்யக் கொடுத்து, அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் மகன் பெயரையும் பழைய பள்ளியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். ரிசல்ட் வரவில்லையே என்று பெட்டி செய்கிறவர் தயங்கியதற்கு, "என் மகன்யா அவன்" என்று பதில். பெட்டி வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மண்டியில், ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மூட்டை அடுக்கின் உச்சியில் ஏற்றிவைத்தார்.

ஏப்ரல் கடைசியில் இரண்டு கடிதங்களும் இரண்டு நாள் வித்தியாசத்தில் வந்தன. கோட்டைச்சாமி எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். பழைய பள்ளிப் பரீட்சையில் வீரபாண்டிக்கு இருநூற்று இருபத்தாறு. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது பெயர். புதுப் பள்ளிப் பரீட்சையில் நூற்று அறுபத்து நான்கு. தேர்வாகிவிட்டான், பதினைந்து நாளைக்குள் சம்மதம் எழுத வேண்டும்.

நூற்று அறுபத்து நான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. அந்தக் கடிதத்தில் அதற்கு மேல் ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை. எவன் கண்ணிலாவது பட்டுவிடப்போகிறது என்று நாலாக மடித்து மேஜை டிராயருக்குள் தள்ளினார். இருநூற்று இருபத்தாறை மட்டும் வெளியே விட்டார். காத்திருப்போர் பட்டியலைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரே பையன், ஒரே மாதம், கஷ்டமான பரீட்சையில் அதிகமாகவும் லேசான பரீட்சையில் குறைவாகவும் எடுத்திருக்கிறானே என்று ஒரு நொடி யோசித்தார். அந்த நொடியில் அவர் பிழைத்திருக்கலாம். ஆனால் விளக்கமும் கூடவே கிடைத்துவிட்டது: கஷ்டமான பரீட்சைக்குக் கவனமாக எழுதியிருக்கிறான், லேசான பரீட்சைதானே என்று அசட்டையாக எழுதியிருக்கிறான். அப்படியே அப்பனைக் கொண்டிருக்கிறான்! அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று சாப்பிடும்போது மனைவி அக்கம்மாள் மெதுவாக ஆரம்பித்தாள். "கெடச்ச எடத்துல சேத்துவிட்டா என்னங்க? பய ரொம்ப ஆசப்படுறான். அந்த மார்க்கு ரெண்டும் ஒன்னில்லன்னு என்னமோ சொல்றான்..."

"நீ சும்மா இரு. மார்க்கு ரெண்டும் ஒன்னில்லன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் அந்தப் பள்ளிக்கூடம் வேணாங்கிறேன்."

அக்கம்மாள் சும்மா இருந்தாள். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை அது. கதவோரம் நின்றிருந்த வீரபாண்டியும் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் ஞானதுரை மண்டிக்கே வந்தார். லீவுக்கு நாகர்கோவில் பக்கம் சொந்த ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், கையில் பையோடு நின்றபடியே பேசினார்.

"அண்ணாச்சி, புதுப் பள்ளிக்கூடத்த விட்டுறாதீக. பய எடுத்திருக்கிறது ரொம்ப நல்ல மார்க்கு. அந்தப் பரீட்சையோட மொத்தத்தப் பாத்தீகன்னா..."

"சார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுங்க. எனக்கு வேணாம். முப்பது வருசமா அளக்குறவன் நான்."

"இல்ல அண்ணாச்சி, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"பஸ்ஸு வந்துருச்சு சார். பாத்து ஏறுங்க."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். ஞானதுரை பஸ்ஸில் ஏறினார். அவரும் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். நல்லவர்களுக்குக் குரல் எழும்பாதது ஊருக்குப் பிடித்த சாபம்.

அதற்குப் பிறகு கோட்டைச்சாமி செய்தது, வேறு எந்த மடையனும் செய்யத் துணியாத காரியம். புதுப் பள்ளிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டிருந்தால்கூடக் கெடு முடிகிறவரை ஒரு வழி இருந்திருக்கும். அவருக்கு அது போதவில்லை. உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவரிடம் போய், தன் மகன் இதைவிட உயர்ந்த பள்ளிக்குப் போகவிருப்பதால் தங்கள் இடம் தேவையில்லை என்று இங்கிலீஷில் அடிக்கச் சொன்னார். 'உயர்ந்த' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போடச் சொன்னார். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, அந்த ரசீதை வீரணனிடம் காட்டினார். வீரணன் தலையை ஆட்டி, "இப்பத்தாண்ணே நம்ம குடும்பத்து மருவாதயக் காப்பாத்துனீக" என்றான். அதைக் கேட்கத்தான் அவ்வளவு பாடும்.

மே மாதம் முழுக்கத் தபால்காரர் மண்டி வாசலைத் தாண்டும்போதெல்லாம் கோட்டைச்சாமியின் கழுத்து நீண்டது. பழைய பள்ளியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு காலை. மண்டியில் நல்ல கூட்டம். மொச்சை கொண்டுவந்த சம்சாரிகள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். வீரபாண்டி மேஜையருகே கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டிருந்தான். ஜக்கம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கவரை நீட்டினாள்.

"முதலாளி, வாத்தியாரு ஊருல இல்ல. இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

கோட்டைச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். வரிவரியாகத் தமிழிலும் சொன்னார். தேர்வான மாணவர் ஒருவர் விலகிக்கொண்டதால் காலியான இடத்துக்கு, காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்த சின்னக்கருப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். படிப்புச் செலவுக்கு உதவித்தொகை உண்டு. ஜூலை முதல் தேதி வந்து சேர வேண்டும். மார்க்கு நூற்று ஐம்பத்தெட்டு.

விலகிக்கொண்ட மாணவர் யார் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதற்கும் அவருக்கு வருத்தம் வரவில்லை. தான் இலையில் மிச்சம் வைத்ததை இன்னொருத்தி எடுத்துக்கொள்கிறாள் என்ற மாதிரி ஒரு சிரிப்புத்தான் வந்தது.

"நூத்தம்பத்தெட்டுக்கே எடம் குடுத்துட்டான் பாரு!" என்று வாசலில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்.

ஜக்கம்மாவுக்கு அந்தச் சிரிப்பு புரியவில்லை. அவள் நல்ல விஷயமா கெட்ட விஷயமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எத்தனைக்கு முதலாளி?"

"என்னது?"

"எத்தனைக்கு நூத்தம்பத்தெட்டு? எந்தப் படின்னு கேக்காம எண்ண வாங்காதேன்னு நீங்கதான சொல்லுவீக."

கோட்டைச்சாமி மறுபடி கடிதத்தைப் பார்த்தார். நூற்று ஐம்பத்தெட்டுக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருநூறு.

டிராயரைத் திறந்து நாலாக மடித்த கடிதத்தைப் பிரித்தார். நூற்று அறுபத்து நான்கு, கீழே இருநூறு. பழைய பள்ளிக் கடிதத்தை எடுத்தார். இருநூற்று இருபத்தாறு, கீழே நானூறு. வீரணன் நாலு வருஷமாகத் தெருத்தெருவாகத் தூக்கித் திரிந்த அந்த இருநூற்று முப்பதும் நானூற்றுக்குத்தான். கணக்குப் போட அவருக்குப் பேப்பர் வேண்டாம். ஒன்றில் நூற்றுக்கு எண்பத்திரண்டு. இன்னொன்றில் நூற்றுக்கு ஐம்பத்தாறரை. பெரிய படியையும் சின்னப் படியையும் ஒரே அளவென்று எடுத்து, நிறைந்ததைக் கொட்டிவிட்டுக் குறைந்ததைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஜக்கம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது வேண்டாத பள்ளி, இவ்வளவு தூரம் அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் நம்பிவிடுவாள். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்தது. அதை அவர் விழுங்கியதற்குக் காரணம் நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடிதத்தைத்தான் ஏற்கெனவே நாலு பேர் கேட்க உரக்கப் படித்துத் தொலைத்திருந்தாரே.

"இருநூத்துக்கு" என்றார். "நல்ல மார்க்குத்தான். அனுப்பிவை."

ஜக்கம்மா இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வேலை நேரம் என்பதையும் மறந்து தெருவில் ஓடினாள்.

கோட்டைச்சாமி மகன் பக்கம் திரும்பினார். வீரபாண்டி ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"ஏலே, அந்தப் பரீட்ச இருநூத்துக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. எழுதுனது நாந்தான."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"ஆத்தாகிட்டச் சொன்னேன். அது ஒங்ககிட்டச் சொல்ல வந்துச்சு. நீ சும்மா இருன்னீக." பையன் சணலைப் பல்லால் கடித்து அறுத்தான். "சாரு சொல்ல வந்தாரு. பஸ்ஸு வந்துருச்சுன்னீக."

வாசலில் நின்ற சம்சாரிகள் மொச்சையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

பழைய பள்ளியில் காத்திருப்போர் பட்டியல் இரண்டாவது பெயரோடு நின்றுவிட்டது. ஜூன் கடைசியில் சின்னக்கருப்பு துணிப்பையோடு பஸ் ஏறினான். வழியனுப்ப வீரபாண்டி போனான். கோட்டைச்சாமிக்கு அன்றைக்குப் பார்த்து வயிற்று வலி. தகரப் பெட்டியின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டப் பார்த்தார், வரவில்லை. கம்பத்துப் பெயின்டு அவ்வளவு கெட்டி. பெட்டியை மூட்டை உச்சியிலிருந்து இறக்கி, எழுத்து சுவர்ப் பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து, கோணி ஊசியும் சணலும் அதில் போட்டுக்கொண்டார். வீரணனிடம் மட்டும் அவர் கடைசிவரை இருநூற்று இருபத்தாறைத்தான் சொன்னார்.

வீரபாண்டி உள்ளூரிலேயே பத்தாவது வரை படித்தான். பிறகு மண்டியில் உட்கார்ந்தான். தொழிலில் அப்பாவைவிடச் சூட்டிகை என்று பெயர் வாங்கினான். படிக்கணக்கு ஊரைவிட்டுப் போன பிறகும், விளைச்சல் சொல்ல வருகிற கிழவர்கள் பழக்க தோஷத்தில் படியில்தான் சொல்வார்கள்.

அப்போதெல்லாம் கோட்டைச்சாமியின் வாய் தானாகத் திறக்கும். பக்கத்தில் மகன் இருப்பதைப் பார்த்ததும் மூடிக்கொள்ளும். மகன் மேஜையிலிருந்து நிமிராமல், குரலை உயர்த்தாமல், அந்தக் கேள்வியைத் தானே கேட்பான்.

"எந்தப் படி?"

கோட்டைச்சாமி எழுந்து ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வார்.