பீக்கன் மரத்துக்கு ஐஸ்கட்டி

மாமா கொண்டுவந்த ஐஸ்கட்டிகள் வைக்கோலுக்குள் உருகிக்கொண்டிருந்தன. சீவலப்பேரியில் எங்கள் வயலை ஒட்டிய வாய்க்கால் கரையில் நின்ற பீக்கன் மரத்தின் தூரில் அவற்றை ஒவ்வொன்றாக அடுக்கினார். மார்கழி மாதம். குளிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். "என்ன அண்ணாச்சி, மரத்துக்குக் காய்ச்சலா?" என்றார் ஒருவர். மாமா, என் கணவரின் அப்பா, அடுத்த கட்டியை எடுத்து வைத்தார்.

பீக்கன் என்பது வால்நட்டுக்கு உறவான கொட்டை. டெக்சாஸில் வாழ்க்கைப்பட்ட என் மதினி, கணவரின் அக்கா, முதல்முறை ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தாள். மாமா சிலவற்றை ஊன்றிவைத்தார். கிளம்பும்போது, "இது காய்க்கையில வாரேன்பா" என்று அவள் விளையாட்டாகச் சொன்னாள். மாமா அதை வாக்காகவே எடுத்துக்கொண்டார். வேலை, பிள்ளைகள் படிப்பு என்று அவள் வரவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

அந்த மரம் கேட்பதில் பெரும்பாலானவை இங்கே இருந்தன. ஆழமான ஆற்று வண்டல், வற்றாத ஈரம், நீண்ட கோடை. மகரந்தத்துக்குத் துணையாகப் பக்கத்திலேயே இன்னொரு மரம். இரண்டும் கிடுகிடுவென வளர்ந்தன, பூக்கத்தான் இல்லை. பழப்பண்ணையில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் காரணம் சொன்னார். இலையை உதிர்த்துவிட்டு, வாரக்கணக்கில் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்குமாம். இமயமலைப் பக்கம் காய்க்கும், தாமிரபரணிக் கரையில் கஷ்டம் என்றார். குளிர வேண்டியது கிளையும் மொட்டும், வேரல்ல என்றும் சொன்னார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மறுநாளே ஐஸ் வாங்கப் போய்விட்டார்.

இப்போது மாமா இல்லை. மரங்கள் காயில்லாமல் நிற்கின்றன.

ஐஸ் வைத்த அன்று மாலை மதினிக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் சிரித்தாள். மாசியில் வந்து நின்றாள்.

தப்பு செய்தவர் போல மாமா அவளை மரத்தடிக்கு அழைத்துப் போனார். நானும் உடன் போனேன்.

"காய்க்கலையேட்டி" என்றார்.

"நான் காயைப் பாக்கவாப்பா வந்தேன்?"

மாமா அண்ணாந்து கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மரம் கேக்க குளிரு அங்கன அம்புட்டும் இருக்குன்னா, நீ எப்படிட்டி தாங்குன?"

இத்தனை வருடத்தில் எங்களில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. போன முதல் குளிர்காலத்தில், பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து மொட்டை மரங்களைப் பார்த்தே பொழுதைக் கழித்ததை மெல்லச் சொன்னாள்.

"போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்களேப்பா."

மாமா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்குப் போர்த்திவிட்டார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வேர்த்து வழிந்தும், வீடு வந்து சேரும்வரை மதினி அதை எடுக்கவே இல்லை.