தங்கப்பாண்டி அண்ணன் போட்ட வட்டம்

ரத்தப் பரிசோதனைக்கு நேரம் கேட்கத்தான் பழனிசெட்டிபட்டி லேப்புக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "அண்ணன் தவறிட்டாக டீச்சர். திங்கக்கிழமையே எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றாள். அப்படியானால் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த லேப்பில் தங்கப்பாண்டி அண்ணனிடம் ரத்தம் எடுக்கக் கை நீட்டியவர்கள் கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை இருப்பீர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு நாலு வருடமாகத் தோலில் தடிப்பு. தினமும் எழும்பும், அரிக்கும், சில மணி நேரத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கத்தரிக்காயை விடு, கருவாட்டை விடு, முட்டையை விடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாவற்றையும் விட்டேன், தடிப்புதான் என்னை விடவில்லை. வகுப்பில் திரும்பி நின்று எழுதும்போது பிள்ளைகள் என் கழுத்தையே பார்ப்பது தெரியும். அலுத்துப்போய், வேலையை விடுவதாக மனுகூட எழுதி வைத்திருந்தேன்.

கூடலூரில் பஸ் ஏறும்போது உடம்பெல்லாம் இருப்பது, தேனியில் டாக்டர் முன்னால் உட்காரும்போது இருக்காது. இல்லாததை எப்படிக் காட்டுவது? ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் அண்ணன்தான் என் முழங்கையில் மிச்சமிருந்த ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதினார். "நாளைக்கு இதே நேரம் பாருங்க. அங்கனயே இருந்தா வேற சங்கதி, ஓடிருச்சுன்னா வேற சங்கதி. டாக்டர்ட்ட வாயால சொல்லாதீக, கையக் காட்டுங்க" என்றார். மறுநாள் வட்டம் இருந்தது, தடிப்பு இல்லை. டாக்டர் அன்றுதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரித்தார்.

டி-டைமர் என்றொரு சோதனையும் எழுதினார். உடம்பில் ரத்தம் உறைந்து கரையும்போது கூடுகிற அளவு அது. எனக்கு எக்கச்சக்கமாக வந்தது. எங்கோ ரத்தக்கட்டி என்று பயந்து, என் வீட்டுக்காரர் மதுரைக்குக் கார் பேசிவிட்டார். அதற்குள் அண்ணனே போன் செய்தார். நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று தரம் குத்தி எடுத்த ரத்தத்தை அவசரத்தில் மிஷினில் ஓட்டிவிட்டாராம். அப்படி எடுத்தால் குழாயிலேயே லேசாக உறைந்து, அளவைக் கூட்டிக் காட்டிவிடுமாம். "தப்பு எம்மேல டீச்சர். வாங்க, ஒழுங்கா எடுத்துத் தாரேன்" என்றார். தன் தப்பைத் தானே கூப்பிட்டுச் சொல்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாவது தரமும் அளவு கூடுதல்தான், ஆனால் அவ்வளவு இல்லை. டாக்டர் ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், கட்டி இல்லை. தடிப்பு கடுமையாக இருந்தாலும் இந்த அளவு ஏறும் என்றார். மாத்திரையைக் கூட்டினார், போதவில்லை, மாதம் ஓர் ஊசி என்றானது. மெல்ல அளவும் இறங்கியது, தடிப்பும் குறைந்தது. ரிசல்ட் தாளை நீட்டும்போது என்னைவிட அண்ணனுக்குத்தான் சந்தோஷம். மனுவைக் கிழித்துப் போட்டேன்.

கடைசியாகப் போனபோது அவருடைய இடது கால் செருப்பின் வார் கழன்று கிடந்தது. கால் வீங்கியிருக்கிறதே என்றேன். "நாளெல்லாம் நிக்கிறேன்ல டீச்சர், வீங்காம என்ன செய்யும்" என்று சிரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நானும் சிரித்துவிட்டு வந்தேன். அந்தக் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய்த்தான் தவறினாராம். ஒரு கால் மட்டும் ஏன் வீங்கியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பார்த்த சோதனையை அவரும் தனக்குப் பார்க்கவில்லை. அவர்மேல் கோபமாக வருகிறது, என்மேலும்.

நேற்று மணிக்கட்டில் ஒரு தடிப்பு எழும்பியது. வட்டம் போட்டு மணியை எழுதினேன். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன பழக்கம் அது. காலையில் தடிப்பு இல்லை. மை இருக்கிறது, கழுவ மனசு வரவில்லை.