பாலம்மாள் தேய்த்த கல்

குற்றாலத்தில் அவளை அளவுக்காரி என்றுதான் சொல்வார்கள். பூக்காரி முழம் போட்டுக் கொடுத்த பிச்சிப்பூவைத் தன் கையால் இன்னொரு தடவை முழம் போட்டுப் பார்ப்பாள். அவள் சமையல் பார்க்கும் லாட்ஜில் அரிசி மூட்டை வந்து இறங்கினால், எடை போட்டுப் பார்க்காமல் லோடுமேனை வெளியே விடமாட்டாள். பெயர் பாலம்மாள். வாய் எவ்வளவு வேகமோ கையும் அவ்வளவு வேகம். ஒரு சீசனில், அருவியில் குளித்துவிட்டு மூக்குமுட்டக் குடித்துவிட்டு வந்த ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். தோசைத் திருப்பி கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த அடையாளத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவன் இப்போது எந்த ஊரில் திரிகிறானோ தெரியாது. முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவள் வைக்கும் மீன் குழம்புக்காகப் பொறுத்துக்கொண்டார்.

இந்த அளவுப் பைத்தியம் பிறக்கும்போதே வந்ததல்ல. ஒரு வரப்பு கொடுத்தது.

வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் அவள் புருஷன் இசக்கியப்பன் ஒரு வயல் வாங்கினான். விற்றவர் சொந்தக்காரர். சொந்தக்காரரிடம் வாங்கும்போது சர்வேயரைக் கூட்டிவந்து அளந்தால், அவரைத் திருடன் என்று சொன்னதாகிவிடும். அப்படி ஒரு கேடுகெட்ட மரியாதை அந்த ஊரில் இருந்தது. "வாய்க்காலோரத்துப் பனையிலேருந்து கிணத்து மேடு வரைக்கும்" என்று அவர் கையை நீட்டினார், இவனும் தலையை ஆட்டினான். பக்கத்து வயல்காரனும் அதே மாதிரி வேறு யாரோ நீட்டிய கையை நம்பி வாங்கியவன்தான். இரண்டு கைகளும் வாய்க்காலை ஒட்டிய ஒரே துண்டைக் காட்டியிருந்தன. ஓர் ஆள் குறுக்கே படுத்தால் தலையும் காலும் இடிக்கும், அவ்வளவுதான் அதன் அகலம்.

அந்தத் துண்டுக்காக ஆளுக்கு ஆள் வரப்பை வெட்டினார்கள், பிறகு போட்டார்கள், மறுபடியும் வெட்டினார்கள். ஒரு நடவு நாளில், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தூக்குவாளியில் கஞ்சியோடு பாலம்மாள் வயலுக்குப் போனாள். இசக்கியப்பன் சேற்றில் குப்புறக் கிடந்தான். கழுத்துக்குப் பின்னால் மண்வெட்டி போட்ட மாதிரி பிளந்திருந்தது. நாற்றுக் கட்டுகள் அவனைச் சுற்றி மிதந்தன. நடவுக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஓடிப்போயிருந்தார்கள். அவள் அழவில்லை. தூக்குவாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

வெட்டின பக்கத்து வயல்காரன் ஜெயிலுக்குப் போனான். கேஸ் இழுத்து இழுத்துக் கடைசியில் கோர்ட் உத்தரவில் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். அந்தத் துண்டு செத்தவனுக்கும் இல்லை, வெட்டினவனுக்கும் இல்லை. வாய்க்கால் புறம்போக்கு, அரசாங்கத்து மண். அதைக் கேட்டதும் பாலம்மாள் வயல் வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மறுவாரம் அவள் மகனைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டாள்.

மகன் தேவா இப்போது மீசை முறுக்குகிற ஆள். போலீஸ் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றிலும் தேறிவிட்டான். நடத்தை விசாரணை மட்டும்தான் பாக்கி. ஒரு கேஸ் அவன் பேரில் விழுந்தால் எல்லாம் போச்சு. அதனால் பாலம்மாள் அவனை டீக்கடைக்குப் போகக்கூட விடுவதில்லை. "எவனாவது ஒன் சட்டையப் பிடிச்சாலும் சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு வாலே" என்பாள். அப்பன் ரத்தம் அவனுக்குள் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவன் வேலைக்குப் போகும் முன் சொந்தமாக ஒரு வாசற்படி வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. வாடகை வீட்டுக்காரிகளிடம் பட்டதெல்லாம் போதும் என்றிருந்தது. ஆய்க்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. வீட்டுக்காரர் சுப்புராமன் சென்னையில் மகனோடு இருக்கிறவர். முன்னால் சின்ன வீடு, பின்னால் தென்னையும் முருங்கையுமாக நீளமான கொல்லை. பாலம்மாளுக்குப் பார்த்த உடனே பிடித்துப்போனது. ஆனாலும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எப்போ அளக்கலாம்?" என்பதுதான்.

"அளக்கறதுக்கு என்னம்மா இருக்கு? எங்க தாத்தா காலத்துலேர்ந்து கொல்லைக் கோடியில இருக்கற அந்தக் கல்லுதான் எல்லை" என்றார் சுப்புராமன்.

"ஒங்க தாத்தா நல்லவராத்தான் இருப்பாரு சார். ஆனா அளக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்தக் கல்தான் சிக்கல். கொல்லைக் கோடியில் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மஞ்சளும் எண்ணெயும் விபூதியும் வருஷக்கணக்கில் அப்பி, கல்லே தெரியாமல் பருத்திருந்தது. இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தது. அடுத்த கொல்லைக்காரன் சுடலையாண்டிக்கு அது எல்லைச் சுடலை, எல்லையைக் காக்கும் சுடலைமாடன் சாமி. வருஷா வருஷம் கொடை விழா எடுத்துக் கிடா வெட்டுவான். வண்டி வாங்கினாலும் சரி, மாடு கன்று போட்டாலும் சரி, முதலில் அங்கே போய் நிற்பான். கொடைக்கு முந்தின நாள் அவனே குளித்து ஈர வேட்டியோடு அதைக் கழுவி மஞ்சள் பூசுவான். வேறு யாரும் தொடக்கூடாது, பெண்கள் கிட்டத்திலேயே போகக்கூடாது.

அளப்பதற்கு முந்தின நாளே பாலம்மாள் அவனிடம் போய்ச் சொல்லியிருந்தாள். சுடலையாண்டி ஒன்றும் முரடனாகப் பேசவில்லை. "தாராளமா அளந்துக்கிடுங்க மதினி. எங்க மாடன மட்டும் தொட்ராதிய" என்றான். அவளும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் தென்காசியிலிருந்து சர்வேயர் செல்லச்சாமி வந்தார். சுப்புராமனும் வந்திருந்தார்; கூட வந்த தேவாவைப் பாலம்மாள் வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தாள். முக்காலியை விரித்து மெஷினை மாட்டினார். சர்வே படத்தை விரித்துக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று மூலைகளைக் கண்டுபிடித்துவிட்டார். நாலாவது மூலையில் வந்து நின்றார்.

"இங்கன ஒரு சர்வே கல்லு இருக்கணும்மா. தலையில கூட்டல் குறி வெட்டியிருக்கும். அதத் தவிர இங்கன வேற கல்லக் காணும்" என்று சுடலையைக் காட்டினார். "பூச்சு கனமா இருக்கு. குறி தெரிஞ்சாத்தான் நான் உறுதியாச் சொல்ல முடியும்."

பாலம்மாளின் மூளை வேகமாக வேலை செய்தது. சர்வே கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, யாரும் கேட்காமல் இருக்க மஞ்சளைப் பூசிச் சாமியாக்கிய கதைகளை அவள் நிறையக் கேட்டிருக்கிறாள். இதுவும் அதுதான், இவன் அப்பனோ தாத்தனோ செய்த வேலை என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். இல்லாவிட்டால் ஏன் தொடக்கூடாது என்கிறான்? பையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இருந்தது. எங்கே போனாலும் அவள் பையில் அது இருக்கும். வீட்டுக்குள் போய்ச் சொம்பில் தண்ணீரும் எடுத்துவந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சாணி அள்ளிக்கொண்டிருந்த சுடலையாண்டியின் பெண்டாட்டி வடிவம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"மதினி, வேண்டாம்! அவுக வயலுக்குத்தான் போயிருக்காக. போன் போடுதேன், அஞ்சு நிமிசம் பொறுங்க. அவுகளே வந்து கழுவிக் காட்டுவாக."

"அவர் வரட்டும்மா" என்றார் செல்லச்சாமியும்.

"அவன் வந்தா விடுவானாக்கும்?" என்றாள் பாலம்மாள். செருப்புக் காலோடு குந்தினாள். சிவப்புத் துண்டை உருவி எறிந்தாள். தண்ணீரைக் கவிழ்த்து, லாட்ஜில் அடிப்பிடித்த அண்டாவைத் தேய்க்கிற மாதிரி சாமியின் தலையைக் கரகரவென்று தேய்த்தாள். மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் வழிந்து மண்ணில் ஓடியது. வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு வயலைப் பார்க்க ஓடினாள். பாலம்மாள் செய்தது அநியாயம். செய்யும்போதே அது அவளுக்குத் தெரியாமலும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சேற்றில் மிதந்த நாற்றுக் கட்டுகள்தான்.

பூச்சுக்கு அடியிலிருந்து கருங்கல் வந்தது. அதன் தலையில் உளியால் வெட்டிய கூட்டல் குறி.

"பாத்தீயளா?" என்று அவள் நிமிர்வதற்குள் சுடலையாண்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டான். காலெல்லாம் வயல் சேறு. கையில் அருவாள். முதலில் அவன் அவளைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தான். உடம்பில் துணியில்லாமல் நிற்கிற தகப்பனைப் பார்க்கிறவன் முகம்தான் அவனுக்கு இருந்தது. ஒரு சத்தம் போட்டான், அதில் வார்த்தையே இல்லை. குறுக்கே வந்த சுப்புராமனை ஒரே தள்ளில் முருங்கைத் தூரில் சாய்த்தான். முக்காலியை உதைத்தான். மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்லச்சாமி மண்ணில் உருண்டார். அடுத்த வீச்சு பாலம்மாளுக்கு. அவள் விலகியதால் கழுத்துக்கு வந்தது தோளில் இறங்கியது. ரவிக்கையோடு சதை பிளந்து, வலது பக்கம் முழுவதும் சூடாக நனைந்தது.

"ஏலே!" என்று வீட்டுக்குள்ளிருந்து தேவா பாய்ந்தான். சர்வேயர் கல் பார்ப்பதற்காகக் கொண்டுவந்த கடப்பாரை தென்னை மரத்தில் சாத்தியிருந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் ஓங்கினான். சுடலையாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடியும் அருவாளைத் தூக்கிக்கொண்டிருந்தான். கடப்பாரை இறங்கியிருந்தால் மண்டை தேங்காய் மாதிரி உடைந்திருக்கும்.

பாலம்மாளுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் தெரிந்தது. மகன் கையில் விலங்கு தெரிந்தது. கயிறு ஏறிக் காய்த்துப்போன அவன் உள்ளங்கை தெரிந்தது. சுடலையாண்டியின் அக்குளுக்கடியில் புகுந்து மகன் மேல் போய் விழுந்தாள். ரத்தம் வழியும் கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "விடுலே! பெத்தவ சொல்லுதேன், விடுலே!" அவன் திகைத்து நின்ற நேரத்தில் கடப்பாரையைப் பிடுங்கினாள். திரும்பினாள். அருவாள் இறங்கி வந்துகொண்டிருந்தது. அருவாள் பிடித்த முழங்கையைப் பார்த்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள்.

காய்ந்த விறகு ஒடிவது போல ஒரு சத்தம். அருவாள் தென்னந்தூரில் போய் விழுந்தது. சுடலையாண்டி மண்டி போட்டு உட்கார்ந்தான். முழங்கைக்குக் கீழே அவன் கை, திரும்பக்கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது. அப்போதும் அவள் ஓயவில்லை. கடப்பாரையை ஓங்கிக்கொண்டு நின்றாள். "எந்திரி, வா! எம் புருசனத்தான் குடுத்தேன், எம் மவனையும் குடுக்கணுமாலே?" என்று கத்தினாள். தேவாதான் அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான்.

"நீ தொட்ராத! நீ எதையும் தொட்ராத! தள்ளிப் போய் நில்லு!" என்று மயங்கி விழும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தென்காசி பெரியாஸ்பத்திரியில் ஒரு திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் சுடலையாண்டியும் கிடந்தார்கள். தோளில் தையல் போட்டு முடிந்ததும் ஏட்டு ஒருவர் வந்து நின்றார்.

"கடப்பாரையால அடிச்சது யாரும்மா?"

"நான்தான். எம் பேருக்கே எழுதுங்க."

"ஒம் மவன் கையில கடப்பாரை இருந்துச்சுன்னு அங்கன ஒருத்தர் சொல்லுதாரே?"

தேவா வெளியே வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்ததெல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது. பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான் சுடலையாண்டி.

"பையன் அடிக்கல சார். இவதான் அடிச்சா. பையன் என்னத் தொடவே இல்ல. மாடன் சாட்சியாச் சொல்லுதேன்."

ஏட்டு திரையைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். கைது செய்து கூட்டிப்போகப் பெண் போலீஸ் வரும் என்றார். அதெல்லாம் பாலம்மாள் காதில் ஏறவில்லை. வெட்ட வந்தவன் ஏன் தன் மகனைக் காப்பாற்றினான் என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்பதுதான் அவளுக்கு மெதுமெதுவாக உறைத்தது.

சாயங்காலம் செல்லச்சாமி வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். கொல்லையில் போலீஸ்காரர்கள் இருக்கும்போதே மிச்ச அளவையும் முடித்துவிட்டு வந்திருந்தார்.

"குறி தெரிஞ்சதால வேலை சுளுவா முடிஞ்சிட்டும்மா" என்று மெதுவாகச் சொன்னார். "கல்லு ஒரு விரக்கடைகூட நகரல. படத்துல எங்கன இருக்கோ அங்கனதான் நிக்குது. அவுக ஆளுக யாரும் அதத் தூக்கி வைக்கல. இருந்த கல்லத்தான் சாமியாக் கும்பிட்டிருக்காங்க. ஒங்களுக்கு வர வேண்டிய எடம் முழுசா இருக்கு. அவருக்கும் ஒண்ணும் போகல."

திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. வயல் வரப்பில் உட்கார்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு பாலம்மாளுக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் வெட்டுப்பட்டவனின் பெண்டாட்டி. இன்றைக்கு அடித்தவள் அவள்தான்.

அப்போது வடிவம்மாள் உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. புடவையில் காலையில் அள்ளிய சாணி காய்ந்து ஒட்டியிருந்தது. கையில் தூக்குவாளி. புருஷனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

பாலம்மாளின் கண் அந்தத் தூக்குவாளியை விட்டு அகலவில்லை. "உசிரோட இருக்காரு. அந்தப் பக்கந்தான்... போ, குடு" என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

வடிவம்மாள் திரையை விலக்கப் போனவள் நின்று திரும்பினாள். திட்டவில்லை, சாபம் விடவில்லை.

"அஞ்சு நிமிசந்தான மதினி கேட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போனாள். இசக்கியப்பன் செத்த அன்றைக்கு அழாத பாலம்மாள், தையல் பிரியப் பிரிய, மகன் வந்து பிடித்தும் நிற்காமல், வார்டு முழுவதும் கேட்கும்படி அழுதாள்.