திட்டாத மண்டோர்

மண்டோர் இருசப்பன் யாரையும் திட்டி ஆறு வாரம் ஆகிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டமே அதைக் கொண்டாடியது, அவர் மனைவி சின்னத்தாயைத் தவிர.

முன்பெல்லாம் காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டில் ஒருவர் பேரைக் கூப்பிட்டால், கூடவே அவருடைய மூன்று தலைமுறையையும் கூப்பிடுவார். எண்பத்து நான்காம் ஆண்டு குடலில் புற்றுநோய் என்று கோலாலம்பூரில் கட்டியை அறுத்தெடுத்தார்கள். புண் ஆறி வேலைக்குத் திரும்பியவர், தாமதமாக வந்தவனைப் பார்த்தும் தலையை மட்டும் ஆட்டினார். பால் வெட்டும் சன்னாசிக்குத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். நோய் வந்து மண்டோர் மகானாகிவிட்டார் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. கோயில் கமிட்டி மாலைக்குக்கூடச் சொல்லிவிட்டது.

சின்னத்தாய்க்கு மகானோடு குடும்பம் நடத்திப் பழக்கமில்லை. சோதித்துப் பார்த்தாள். குழம்பில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டு, முகம் சுளிக்காமல் கை கழுவினார். அவர் தங்கையைக் கேலி செய்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பரிசோதனைத் தேதி நெருங்கியபோது, "இனி எனக்கெதுக்கு ஆஸ்பத்திரி? நீ ஒன் தம்பி வீட்டோட போயிடு" என்றார்.

கடிகாரம் போன காரணம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். தனக்கும் அதே நோய்தான் போலிருக்கிறது என்று முனகினாள். மனிதர் பதறிப்போய் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில், முன்பு அவருக்குப் புண் கட்டிய தாதி கங்காவைக் கண்டதும் சின்னத்தாயின் வலி பறந்துவிட்டது.

"கட்டிய எடுத்தீங்க, கூடவே மனுஷனையும் எடுத்துட்டீங்க. கட்டிய நீங்களே வச்சிக்குங்க. மனுஷன திருப்பிக் குடுங்கம்மா."

கங்கா சிரிக்கவில்லை. டாக்டரை அழைத்துவந்தாள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று அவர் நேராகவே கேட்க, கங்கா அதைத் தமிழில் சொன்னாள்.

"தெனமும்" என்றார் இருசப்பன், தன் செருப்பைப் பார்த்து.

இது மனச்சோர்வு, புற்றுநோய்க்காரர்கள் பலருக்கு வருவது, கோழைத்தனமில்லை, வைத்தியம் உண்டு என்றார் டாக்டர். மாத்திரை மெல்லத்தான் வேலை செய்யும், வாராவாரம் வந்து மனம்விட்டுப் பேச வேண்டும், அதுவரை இவரைத் தனியே விடக்கூடாது என்றும் சொன்னார். சின்னத்தாய் விடவில்லை. கக்கூஸ் வாசலிலும் காவல் நின்றாள்.

மாத்திரை தொடங்கிய ஐந்தாம் வாரம், ரசத்தில் புளி போதவில்லை என்று அவர் தட்டைத் தள்ளினார். சின்னத்தாய் அடுப்படிக்குப் போய் அழுதாள். ஏழாம் வாரம் அவர் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

சன்னாசி தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"அக்கா, அந்த மாத்திரைய ஒருநாள் விட்டு ஒருநாள் குடுத்தா போதாதா லா?"

"டாக்டர் சொல்ற வரைக்கும் ஒண்ணுகூட கொறையாது" என்றாள் சின்னத்தாய். "வேணும்னா நீ காதுல பஞ்சு வச்சிக்க."