சிவப்புப் பிளக்குக்குப் பின்னால்

காக்கா மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கூடப் பிறந்த மூத்தவனோடு எத்தனை நாளைக்கு முகத்தைத் தூக்கிவைத்திருப்பாய் என்று உம்மா கேட்கிறார். உம்மாவுக்கு என்ன, அவர் அந்த மேசைக்கு முன்னால் நிற்கவில்லை.

காக்கா எங்கள் ஊரான சாய்ந்தமருதில் படகு எஞ்சின் திருத்துகிறவர். நான் அவருடைய தங்கச்சி, கம்பஸில் மின்னியல் படிக்கிறேன். கொழும்பில் நடக்கும் ரோபோச் சண்டைப் போட்டிக்கு அவருடைய வேலைக் கொட்டிலின் ஒரு மூலையில்தான் என் ரோபோவைச் செய்தேன். இரண்டு ரோபோக்களைக் கூட்டுக்குள் விட்டு மோதவிடுவார்கள். மற்றதை அசையாமல் ஆக்குவது வெல்லும். வேன் வைப்பர் மோட்டார்கள் இரண்டு சக்கரங்களுக்கு. லொறியின் பட்டைவில் இரும்பை அறுத்து, முன்னால் சுழலும் தகடு. இரும்பு வேலை காக்காவுடையது, மறுக்கவில்லை. வயர் வேலை முழுவதும் நான்.

ஆனால் கொட்டிலுக்கு வருகிறவர்களுக்கு அது காக்காவின் ரோபோ. நான் சோல்டரிங் அயனோடு குனிந்திருப்பேன். என் தலைக்கு மேலால் அவரிடம் விளக்கம் கேட்பார்கள். அவரும் வாய்க்கு வந்ததைச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போட்டிப் படிவத்தில் மின் இணைப்புகள் யாவும் என் கையால் செய்தவை என்று கொட்டை எழுத்தில் எழுதியது அந்த ஆத்திரத்தில்தான்.

மூன்று கிழமையாக அது என்னைப் பாடாய்ப் படுத்தியது. தகடு வேகம் பிடித்ததும் எல்லாம் செத்துவிடும். பற்றரியை மாற்றினேன், தடித்த வயர் போட்டேன், ரிமோட்டின் ரிசீவருக்குத் தனி மின்சாரம் கொடுத்தேன். கடைசியில் பிழை ரோபோவின் முதுகிலிருந்த சிவப்புப் பிளக்கில் இருந்தது. ஆபத்தென்றால் அதை இழுத்த உடனே முழு மின்சாரமும் அறுபட வேண்டும், அது போட்டியின் முதல் விதி. உப்புக் காற்றில் அதன் பித்தளை பச்சை பிடித்திருந்தது. அதிர்வில் தொடுகை விட்டுப்போனது. சுரண்டித் துடைத்து, புதிதாக ஈயம் வைத்தேன். மூடியைப் பூட்டச் சொல்லி காக்காவிடம் கொடுத்துவிட்டு அஸர் தொழப் போனேன்.

வந்து பார்த்தால் ஒரு தடவையும் நிற்காமல் ஓடுகிறது. என் கைவேலை என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிமோட்டை நிறுத்தி, பற்றரியைக் கழற்றிப் பையில் வைத்தோம். சிவப்புப் பிளக்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, அந்தப் பிழை என்னுடையது.

கொழும்பில் பரிசோதகர் தன் மேசையில் வைத்து, தகட்டைச் சுழலாமல் பூட்டி, சக்கரங்களைத் தூக்கி வைத்து ஓடவிட்டார். பிளக்கை இழுத்துக் கையில் எடுத்தார். சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

மூடியைத் திறந்தார்கள். பிளக்குக்குப் பின்னால் இரண்டு வயர்களையும் நேரே முறுக்கிச் சேர்த்து, டயர் டியூப் துண்டால் இறுக்கிச் சுற்றியிருந்தது. பார்த்தவுடனே யார் வேலை என்று விளங்கிவிட்டது. படகு எஞ்சினில் ஓட்டுகிறவரின் கையோடு இணைக்கும் ஒரு கயிறு வரும். ஆள் கடலில் விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் நிற்கும். எங்கள் கரையில் எவரும் அதை வைத்திருப்பதில்லை. வாங்கிய கையோடு காக்காவிடம் கொண்டுவந்து செயலிழக்கச் செய்வித்துவிடுவார்கள்.

காக்கா என் காதருகே குனிந்தார். "அல உடையிற இடத்துல எஞ்சின் நிண்டா படகு கவுந்திரும் புள்ள. நிப்பாட்டுற சாமானெல்லாம் நான் கழட்டித்தான் உடுற."

"இது கடலா காக்கா?"

வேண்டுமென்றே பாதுகாப்பை முடக்கிய ரோபோவுக்கு இடமில்லை என்றார் பரிசோதகர். பிறகு இதைச் செய்தது யார் என்று காக்காவைப் பார்த்துக் கேட்டார். காக்காவைப் பார்த்து! அவர்தான் என்று நான் விரலை நீட்டினால் என் மானம் தப்பும். ஆனால் படிவத்தில் நான் எழுதியது பொய்யாகும், ரோபோ முழுவதும் அவருடையதாகிவிடும். நான்தான் செய்தேன் என்றேன். பரிசோதகர் என்னை ஏற இறங்கப் பார்த்து, இப்படிப்பட்டவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லி, படிவத்தில் சிவப்பு மையால் கோடு இழுத்தார்.

பஸ்ஸில் காக்கா கண் கலங்கிப்போய் இருந்தார். "என்னக் காட்டிக் குடுக்கல்ல நீ," என்றார். நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்தேன். வாயைத் திறந்திருந்தால் அந்த பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும்.

ஊருக்கு வந்த நாளிலிருந்து கொட்டிலுக்கு வருகிற ஒவ்வொருவரையும் இருத்தி வைத்து அவர் இதைத்தான் சொல்கிறார். வயரைக் கட்டியது தான் என்றும், தங்கச்சி பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்றும். கேட்கிறவர்கள் என்னைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்கிறார்கள். வயர் வேலையும் நீதானா என்று அவரிடம் கேட்கிறார்கள்.