நானூற்றுப் பன்னிரண்டின் பியட்

கௌசரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அவள் மேல் இல்லை. பாதி என் மேல், பாதி எங்கள் மேனேஜர் சீனிவாசன் மேல். அவள் கையால் செய்த குட்டிக் காரை ஃபேக்டரிக்கு எடுத்துவா என்று நச்சரித்தவள் நான். அதைத் தன் வீட்டுச் சொத்து போல அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர்.

என் பெயர் செண்பகம். ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் பதினோரு வருஷமாக ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். தோலைச் சீவி மெல்லிசாக்குகிற வேலை. எனக்கு எதிரே தையல் மெஷினில் கௌசர். முப்பத்து மூன்று வயது. பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். வீட்டில் அவளும் அவள் அம்மா அஜீஸுன்னிசாவும்தான். லைனில் ஒரு நாள் முழுக்க அவள் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

கொரோனாவில் ஃபேக்டரி மூடிக் கிடந்தபோது, சும்மா இருக்க முடியாமல் ஷூ டப்பா அட்டையை வெட்டி ஒரு கார் செய்தாள். எங்கள் பக்கத்தில் ஷூ டப்பா இல்லாத வீடு ஏது? அப்படித்தான் ஆரம்பித்தது. நிஜக் கார் எவ்வளவோ, அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. கைப்பிடி, கண்ணாடி, வைப்பர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பிரித்துப் போட்டுவிடுவாள். பிறகு யூட்யூபைப் பார்த்துப் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மாறினாள். முதல் பிளாஸ்டிக் காரைச் சோல் ஒட்டுகிற சொல்யூஷன் போட்டு ஒட்டினாள். ஷூ ஃபேக்டரிப் பெண்களுக்குப் பசை என்றால் அது ஒன்றுதானே தெரியும்? மறுநாள் பார்த்தால் சொல்யூஷன் பிளாஸ்டிக்கைத் தின்று, கூரை இளகி சீட்டில் உட்கார்ந்திருந்தது.

"காரு இட்லி மாதிரி அமுங்கிடுச்சுக்கா" என்று அன்றைக்கு ரொம்ப நேரம் சிரித்தாள்.

அப்புறம் பதினேழு கார் செய்துவிட்டாள். கண்ணாடி அலமாரியில் இருந்த அம்மாவின் டீ செட்டை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கார்களை நிறுத்தினாள்.

"வூட்டுக்கு யார்னா வந்தா டீயை இன்னா காருலயா ஊத்திக் குடுக்கறது?" என்று அஜீஸுன்னிசா அம்மா என்னிடம் பொரிந்து தள்ளினார். ஆனால் வாரா வாரம் மெல்லிய துணி எடுத்து அந்தக் கார்களைத் துடைப்பதும் அவர்தான்.

பதினெட்டாவது ஒரு பழைய பியட். பதினான்கு மாதம் ஆயிற்று. நான்கு கதவும் திறக்கும். கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். பின் சீட்டைக் கழற்றி எடுக்கலாம். சீட்டுக்கு நிஜத் தோல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"ரெக்ஸின் போடேன்டி" என்றேன்.

"ஆம்பூர்ல பியட் வச்சிருந்த தோல்ஷாப்பு மொதலாளிங்க ரெக்ஸின்லயாக்கா ஒக்காந்தாங்க?"

ஆட்டுத் தோலின் புள்ளிகள் அவ்வளவு சின்ன சீட்டில் பரு பருவாகத் தெரியும். அதனால் வேஸ்ட் தோல் கடையில் செம்மறித் தோல் துண்டு வாங்கி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் புள்ளியை அழித்தாள். அதை என்னிடம் கொடுத்தாள். சாப்பாட்டு நேரத்தில் என் மெஷினில் வைத்துச் சீவினேன். ஆறு துண்டு கிழிந்தது. ஏழாவது, வெங்காயத் தோல் மாதிரி வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள்.

இங்கே நம்பர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் லைனில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். தைத்து முடித்த ஒவ்வொரு துண்டிலும் உள்பக்கம் வெள்ளி மைப் பேனாவால் அந்த நம்பரை எழுத வேண்டும். தப்பு இருந்தால், எழுதியவளிடமே அது திரும்பி வரும். நல்லாத் தைத்ததற்கு எவனும் நம்பரைத் தேடியது கிடையாது. அதனால் பெயரை விட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால், என்ன தப்போ என்றுதான் எங்களுக்குத் தோன்றும். கௌசரின் நம்பர் 412. பியட்டின் பின் சீட்டுக்கு அடியிலும் கைப்பழக்கத்தில் 412 என்று எழுதிவிட்டாள்.

சென்னையில் மாடல் கார் செய்கிறவர்கள் கண்காட்சி ஒன்று நடக்கிறது. பியட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு அவளுக்கு ஒரு மேஜை ஒதுக்கினார்கள். இத்தனை வருஷத்தில் அம்மாவையும் என்னையும் தவிர ஒரு ஆள் அவள் காரை நேரில் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

என் வாய் சும்மா இருந்ததா? "மெட்ராசுக்காரங்க பாக்கறதுக்கு முன்னாடி நம்ம லைன் பாக்க வேணாமா? எடுத்தாடி." நாலு நாள் நச்சரித்தேன். ஐந்தாம் நாள் எடுத்து வந்தாள். அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஷூவை வாங்குகிற பையர் அம்மா ஜெர்மனியிலிருந்து வருகிற நாள். கேட்டில் சீனிவாசன் சார் காரைப் பார்த்துவிட்டார்.

"அட, அழகா இருக்கே! சாயந்திரம் வரைக்கும் ஷோரூம்ல இருக்கட்டும்மா. பையர் பாக்கட்டும்."

சாயந்திரம் கேட்கப் போனோம். ஷோரூம் மேஜை காலி.

"அவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. கம்பெனி கிஃப்ட்டா குடுத்துட்டோம். நம்ம டிசைன் டீம் செஞ்சதுன்னு சொல்லியிருக்கேன். உனக்குப் பெருமைதானே?"

"சார், அது என்னுது சார்" என்றாள் கௌசர்.

"உன்னுதா? சீட்டு தோலு எங்கேர்ந்து வந்துச்சு? எந்த மெஷின்ல சீவுன?"

தோலைக் கடையில் வாங்கினேன் என்று அவள் சொன்னாள். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போகும். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைப் பார்த்தேன். என் பெண் பாரதிக்குக் காலேஜ் ஃபீஸ், வீட்டு வாடகை என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன் என்பதுதான் நிஜம். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்று வாரம் கழித்து ஜெர்மனியிலிருந்து ஒரு வரி மெயில் வந்தது. 412 யார், அவசரமாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். எந்த ஷூ, என்ன தப்பு என்று ஒருவனாவது திருப்பிக் கேட்டானா? நம்பரைக் கேட்டால் ரிஜெக்ட்தான் என்று இவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். விளக்கம் கேட்டு அவள் கையில் மெமோ. மெஷினை விட்டு எழுப்பி, நூல் பிசிறு வெட்டுகிற மேஜையில் புதுசாகச் சேர்ந்த பெண்களோடு உட்கார வைத்தார்கள். ஒன்பது வருஷமாக ஒரு தையல் பிசகாதவள்! தலையைக் குனிந்துகொண்டு நூல் வெட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் அவளையும் என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவள் தைக்கிற துண்டெல்லாம் என் மெஷின் வழியாகத்தானே வருகிறது? டிவி மாதிரி பெரிய ஸ்கிரீனில் அந்த ஜெர்மன் அம்மா. சீனிவாசன் சார் முகத்தில் எண்ணெய் வழிந்தது. "சாரி மேடம், சாரி மேடம்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்த அம்மா கையை உயர்த்தினார். கையில் ஷூ இல்லை. பியட்டின் பின் சீட்டு. அதைத் திருப்பிக் காட்டினார். அடியில் 412.

சார் இங்கிலீஷில் வழுக்கினார். எனக்கு எல்லாம் புரியவில்லை. டிசைன் டீம், டிசைன் டீம் என்பது மட்டும் காதில் விழுந்தது. அப்போது கௌசர் அவரைத் தாண்டி முன்னே போய் நின்றாள்.

"மேடம், ஃபோர் ஒன் டூ, மீ. ஒன்லி மீ. ராங் டிஸ்பாட்ச். நோ பெர்மிஷன். ரிட்டர்ன் டு ஃபோர் ஒன் டூ."

எல்லாம் எங்கள் ரிஜெக்ட் ஸ்லிப்பிலும் அட்டைப்பெட்டியிலும் தினமும் பார்க்கிற வார்த்தைகள். அந்த அம்மாவுக்கும் அதே பாஷைதான். ஒரே தடவையில் புரிந்துவிட்டது. சீனிவாசன் சாரைப் பார்த்து மெதுவாக ஏதோ கேட்டார். சார் தரையைப் பார்த்தார். நான் அன்றைக்குப் பார்த்த அதே தரை.

"சார், அந்த சீட்டு தோலை நான்தான் சீவுனேன். சாப்பாட்டு நேரத்துல. எனக்கும் மெமோ குடுங்க" என்றேன். மெமோ வரவில்லை. அவள் மெமோவை வாபஸ் வாங்கவும் இல்லை. அதற்குப் பதிலாக, நியூ இயருக்குப் பன்னிரண்டு கார் செய்து தருகிறாயா என்று சார் பல்லைக் காட்டிக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"412 தையல் நம்பர் சார். கார் நம்பர் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

ஜெர்மன் அம்மா அவள் கேட்டபடி காரைத் திருப்பி அனுப்பினார். பார்சல் சென்னை கஸ்டம்ஸில் கிடந்து, கண்காட்சி முடிந்த மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பே கண்காட்சிக்காரர்கள் அவளுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த காலி மேஜை. மேலே ஒரு அட்டையில் கௌசர், பேரணாம்பட்டு என்று அழகாக எழுதியிருந்தது.

அவள் வீட்டில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தோம். ஒரு கீறல் இல்லை. அஜீஸுன்னிசா அம்மா துணி தேடி உள்ளே போனார். கௌசர் பின் சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் பையிலிருந்து வெள்ளிப் பேனாவை எடுத்து நீட்டினேன்.

"நம்பரை அழிச்சிட்டு உன் பேரை எழுதுடி."

அவள் பேனாவை வாங்கவில்லை. சீட்டைத் திரும்பக் காருக்குள் பொருத்தினாள்.

"பேரு போட்டிருந்தா நம்ம கம்பெனில தேடியிருப்பாங்களாக்கா? நம்பர் இருந்ததாலதான் என்னைக் கூப்ட்டாங்க."